விளக்கை அணைக்கிறவன்

மூன்றாம் நம்பர் தியேட்டரில்
என் வேலைகளில் ஒன்று இருட்டாக்குவது.
டாக்டர் நஸ்ரீன் "லைட்" என்பார்.
மற்ற அறைகளில் அதற்குப் போடு என்று பொருள்.
இங்கே, அணை.

காலை ஏழரைக்கே குப்பியை எடுத்து வைத்தேன்.
உள்ளே கரும்பச்சைத் தூள், காய்ந்த பாசி மாதிரி.
உப்புநீர் அதற்கு ஆகாது. வெறும் தண்ணீர்,
கிருமி நீக்கிய தண்ணீர் மட்டும்.
கலக்கிவிட்டால் ஆறு மணி நேரம்தான் ஆயுசு.
கம்பெனிக்காரர் ஒருமுறை படம் காட்டினார்:
இரண்டு முனையிலும் வளையங்கள், நடுவே கரிச்சங்கிலி.
எனக்குக் கை கோத்து ரோடு தாண்டும்
இரண்டு பேராகத் தெரிந்தது.

மேசையில் தயாவதி. நாற்பத்தாறு வயது.
29சி பஸ்ஸில் கண்டக்டர்.
"இடது கையாலதான் சார் கம்பியைப் பிடிப்பேன்,
வலது கையில டிக்கெட்டு.
அக்குளை வழிச்சு எடுத்துட்டா கை வீங்கிடுமாமே?
எங்க டிப்போ ஜெசிந்தாவுக்கு அப்படித்தான் ஆச்சு."
முகக்கவசத்துக்குள் நஸ்ரீன் என்ன செய்தார், தெரியவில்லை.
"முதல்ல பார்ப்போம்" என்றார்.
எண்ணச் சொன்னோம். ஐந்தில் நின்றார் தயாவதி.

மார்க்காம்பின் ஓரத்தில் ஊசி.
விரலால் வட்டமாகத் தேய்த்தார் நஸ்ரீன்,
சுவர்க் கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம்.

"லைட்."

அணைத்தேன்.
ஏசியின் முனகல் பெரிதானது.
மானிட்டரில் கறுப்பு. கறுப்பு மட்டும்.
பிறகு தோலுக்கடியில் ஒரு வெள்ளை இழை,
கண்ணுக்கு எட்டும் சிவப்பையும் தாண்டிய சிவப்பில்
எரிந்துகொண்டு
அவசரமில்லாமல் அக்குளை நோக்கிப் போனது.
ஒரு வளைவில் தயங்கியது.
மறுபடி நகர்ந்தது.

பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் நினைப்பதுபோல
புற்று எதுவென்று அதற்குத் தெரியாது.
தெரிந்ததெல்லாம் வழி.
நிணநீர் போகிற வழியே போகும்,
முதல் கணுவில் நிற்கும்.
புற்று ஏறியிருந்தால்
அதுவும் பெரும்பாலும் அங்கேதான்
முதலில் இறங்கியிருக்கும்.
விழித்திருந்தால் தயாவதிக்குச் சட்டென்று புரிந்திருக்கும்.
ஏறினவர் எங்கே இறங்குவார் என்று
அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா.

விளக்கைப் போட்டால் எல்லாமே மஞ்சள்.
எது கணு, எது கொழுப்பு?
அணைத்தால் இரண்டு,
இல்லை, மூன்று,
காசிமேட்டுக்கு அப்பால்
ராத்திரியில் நிற்கிற படகுகள் போல.
இருபது வருஷம் வெளிச்சத்தை நம்பி
வேலை பார்த்தவன் நான்.
போடு, அணை, போடு, அணை.
கட்டைவிரல் வலித்தது.

மூன்றையும் டப்பியில் போட்டுக்கொண்டு ஓடினேன்.
லிஃப்ட் வரவில்லை. படி.
உறையவைத்து, சீவி, சாயமேற்றிப் பார்க்க
முப்பது நிமிடம் என்றார்கள், நாற்பத்தொன்று ஆனது.
அதுவரை நஸ்ரீன் ஸ்டூலில் உட்கார்ந்து
மகனின் கணக்குப் பரீட்சையைப் பற்றிப் பேசினார்.
யாரும் கேட்கவில்லை என்று அவருக்கும் தெரியும்.

போன் அடித்தது.
இரண்டு சுத்தம்.
மூன்றாவதில் ஒரு புள்ளி, மணலளவுகூட இல்லை.
நிச்சயமாகச் சொல்ல நாளாகும்.

கொஞ்ச நேரம் அக்குளையே பார்த்துக்கொண்டிருந்தார் நஸ்ரீன்.
பிறகு தையல் நூல் கேட்டார்.

மறுநாள் வார்டில் தயாவதி
இடது கையை மெல்ல உயர்த்தி
இல்லாத கம்பி ஒன்றைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பாதியில் வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்தார்.
என்னைக் கண்டதும்,
"அந்தப் பச்சை எங்க?"
நேற்றே கல்லீரல் வடித்து அனுப்பியிருக்கும் என்றேன்.
"டிக்கெட் வாங்காமலேயா?"

மூன்றாவது கணுவின் சேதி
இன்னும் மேலே வரவில்லை.
புரசைவாக்கம் ஹைரோட்டின் வெயில்
நேராக அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.
பழக்க தோஷம், திரையை இழுக்கப் போனேன்.
"வேணாம்" என்றார்,
"இருக்கட்டும்."