மேல் ஹோஸ்

நிசான் சன்னி என்று பேர்.
பதினேழு வருசமாய்ப் பேரளவில்தான்.
நேற்றுக் கல்லாற்றுப் பாலத்தில்
மெய்யாகவே சன்னி கண்டுவிட்டது.
முள்ளு சிவப்பில் ஏறி ஒட்டிக்கொள்ள,
பொனற் இடுக்கால் வெள்ளை ஆவி.
தூண்டில் போட்டிருந்த பொடியன்கள்
எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு
மறுபடி தண்ணீரைப் பார்த்தார்கள்.

அவரும் நானும் பேசி அப்போது பதினொரு நாள்.
(தம்பியின் கடனுக்குப் பிணைக் கையெழுத்து.
எனக்குச் சொன்னது வங்கிக் கடிதம்.)
ஆவி அடங்கும்வரை
அவர் அந்தக் கரையைப் பார்த்தார்,
நான் இந்தக் கரையை.
வாவித் தண்ணீர் உப்பு.
குடிக்கக் கொண்டுபோன போத்தலை ஊற்றி
களுதாவளைக்கு உருண்டு வந்தோம்.

இன்று காலை, எஞ்சின் ஆறிக் கிடக்கையில்,
பொனற்றைத் தூக்கிக் கம்பி கொடுத்தேன்.
கீழ் ஹோஸை அமத்தினேன்: இறுக்கம், குறையில்லை.
மேல் ஹோஸ்
கிளிப்புக்குப் பக்கத்தில் நுங்குபோல் அமிழ்ந்தது.
வளைத்தால் கோடு கோடாய் வெடிப்பு,
வெடிப்புக்குள் காய்ந்த பச்சை உப்பு.
"வெளியில மினுங்குது, உள்ள உழுத்துப்போச்சு."
யாருக்குச் சொன்னேன் என்று
எனக்கே விளங்கவில்லை.

வடித்த பச்சைத் தண்ணீர் இனிக்குமாம்,
குடித்தால் கோழி சாகும்.
பேசினை மூடிக் கல்லும் வைத்தேன்.
ஹோஸ் கவ்விக்கொண்டு வர மறுத்தது.
இழுத்தால் ரேடியேற்றரின் கழுத்து முறியும்.
கத்தியால் நீளத்துக்குக் கீறி
உரித்துத்தான் எடுக்கவேண்டி வந்தது.

பஸ்ஸில் கல்முனை.
றிபாய்தீன் நானா
பழசைப் புதுசின்மேல் படுக்கவைத்து வளைவு பார்த்தார்.
"கிளிப்பும் ரெண்டு எடுங்க,
பழைய கிளிப்ப நம்பாதீங்க."
எடுத்தேன்.

துருவை அரத்தாளால் உரசி,
கிளிப்பை முதலில் கோத்து, ஹோஸைச் செருகி,
அளவாக முறுக்கினேன்.
கூடினால் ரப்பரை வெட்டும்.
இந்த இடத்தில் எனக்கு அளவு தெரியும்.

இனி மூடியைத் திறந்துவிட்டு எஞ்சினை ஓடவிட வேண்டும்.
ஒருவர் மிதிக்க, ஒருவர் காற்றுக் குமிழ் பார்க்க.
நான் கூப்பிடவில்லை.
ஸ்குரூ ட்ரைவரைச் சத்தமாய் வைத்தேன்.
அவர் வந்து சீற்றில் ஏறினார்.

தூக்கிய பொனற்றுக்கு அங்கால் முகம் இல்லை.
அதனால் சொல்ல முடிந்தது:
"மிதியுங்க."
மிதித்தார்.
"விடுங்க."
விட்டார்.
மேல் ஹோஸைப் பால் கறப்பதுபோல் பிசைந்தேன்.
ஒரு குமிழ், இன்னொன்று,
பிறகு ஏப்பம்போல் பெரிதாய் ஒன்று.
தண்ணீர் ஒரு விரல் இறங்கியது. ஊற்றினேன்.
"இன்னும் கொஞ்சம்."
எத்தனை நிமிடமோ.
ரப்பர் திடீரென்று சுட்டது.
உள்ளே அடைப்புத் திறந்து
சுடுதண்ணீர் வந்துவிட்டது.
கையை எடுக்க மறந்து நின்றேன்.

அங்காலிருந்து,
"என்னகா, ஒழுகுதா?"

கா.
பன்னிரண்டு நாளாய் அந்த ஓரெழுத்தை
எங்கே வைத்திருந்தாரோ.

கிளிப்பைச் சுற்றி விரலை ஓட்டினேன்.
ஈரமில்லை.
"இப்ப இல்ல.
நாளைக்கு ஆறினாப்போல இன்னொருக்காப் பார்க்கவேணும்.
அந்தக் கடிதத்தையும் எடுத்து வையுங்க."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.
அவர் நிறுத்தவுமில்லை,
மிதிக்கவுமில்லை.