குழாயைச் சொட்டவிடுங்கள்

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான்
வேலைக்கு உட்கார வேண்டும்.
அதன் சத்தம் ஒலிவாங்கியில் ஏறினால்
மேற்பார்வையாளர் மதிப்பெண் குறைக்கிறார்.
ஆகவே கழுத்தில் ஈரத்துண்டோடு
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு பாகை பற்றிப்
பேசிக்கொண்டிருக்கிறேன்.

பாடாங் செராயில் இரவு பதினொன்று.
வின்னிபெக்கில் காலை ஒன்பது.
நடுவில் ஒரு மகா சமுத்திரமும்
சுகுமாறனின் குறட்டையும்.
ஐந்து மணிக்கு அவர் லோரி எடுக்க வேண்டும்,
செம்பனைக் குலைகள் காத்திருக்கும்.

நான் பனியைப் பார்த்ததில்லை.
பழைய ஐஸ்பெட்டியைக்
கரண்டிக் காம்பால் சுரண்டியிருக்கிறேன்,
அவ்வளவுதான் அனுபவம்.
ஆனால் முப்பத்தெட்டு வீடுகளின் குளிர்காலம்
என் பொறுப்பில்.
எந்தக் கூரை விளிம்பில் பனி இறுகி அணைகட்டும்,
உருகிய நீர் ஓட்டுக்கடியில் திரும்பி ஏறும்,
எந்தப் படிக்கட்டுக்கு உப்பு,
எந்தப் படிக்கட்டுக்கு மணல்
(அந்த வீட்டு நாய்க்கு உப்பு பாதத்தைச் சுடும்),
எந்த உலைக்கு வடிகட்டி மாற்றி மூன்று மாதமாகிறது,
ஆளில்லாத வீட்டை யார் போய்ப் பார்த்துக்
கையெழுத்துப் போட்டால்
காப்புறுதிக்காரன் கைவிரிக்கமாட்டான்,
எல்லாம் தெரியும்.
எங்கள் தாமானில் எந்தக் கால்வாய் அடைத்திருக்கிறதென்று
கேளுங்கள், தெரியாது.

அதிகம் சொல்வது ஒரே வாக்கியம்:
குளிர் கடுமையானால் குழாயைச் சொட்டவிடுங்கள்,
ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது.
சொல்லும்போதெல்லாம்
சமையலறைப் பக்கம் பார்ப்பேன்.
மூன்று நாளாய்த் தண்ணீர் இல்லை.
எப்போது வந்தாலும் காதில் விழட்டும் என்று
குழாயைத் திறந்தே வைத்திருக்கிறேன்,
அடியில் காலித் தோங்கு.

பதினொன்று இருபதுக்குக் கோவால்ச்சுக்.
மூச்சு வாங்குகிறது அவருக்கு.
நிலவறையில் தண்ணீர், கணுக்கால் வரைக்கும்.
சுவருக்குள் எங்கோ பீய்ச்சுகிறது.
நாற்பது வருடம் வாழ்ந்த வீடு.
தலைமை வால்வு எங்கே என்று
என்னிடம் கேட்கிறார்.

உலைக்கு இடப்புறம்,
சலவை இயந்திரத்துக்குப் பின்னால்,
சிவப்புக் கைப்பிடி.
வலப்பக்கம் திருப்புங்கள். இன்னும்.
இன்னும்.

தோட்டத்துக் குழாய்தான் காரணம்.
அக்டோபரிலேயே உள்ளிருந்து அடைத்து
மிச்சத்தை வடித்திருக்க வேண்டும்.
"யாரும் சொல்லவில்லையே" என்கிறார்.
கோப்பில் பார்க்கிறேன்.
தோட்டக் குழாய் வடித்தாயிற்று, அழைத்தவர் லெஸ்யா.
தோட்டக் குழாய் வடித்தாயிற்று, அழைத்தவர் லெஸ்யா.
ஏழு அக்டோபர்கள்.
எட்டாவது கட்டம் வெறுமை.
அதற்கு மேலே செப்டம்பரில் ஒரு வரி:
கணக்கிலிருந்து மனைவி பெயரை நீக்கவும்.
நீக்கியது நான்தான்.
ஒரு சொடுக்கு. அன்றைக்குப் பதினாறாவது வேலை.

இந்த இடத்தில் சொல்ல
நிறுவனம் ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறது.
சொல்லவில்லை.
"வருடா வருடம் அவர் கூப்பிட்டுச் சொல்வார்" என்றேன்.
அந்தப் பக்கம் நீர் ஒழுகும் சத்தம் மட்டும்.
பிறகு,
"என்ன சொல்வாள்?"

குறிப்புகளை வாசித்துக்காட்டக் கூடாது.
வாசித்தேன்.
"வடித்துவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டாம்,
அப்படி ஒரு குழாய் இருப்பதே அவருக்குத் தெரியாது."

இருமினாரா சிரித்தாரா,
அத்தனை தூரத்தில் பிரித்தறிய முடியவில்லை.

பிளம்பர் வர நாற்பது நிமிடம்.
அதுவரை இணைப்பில் இருப்பது விதி.
இருவரும் பேசாமல் இருந்தோம்.
அப்போதுதான் சமையலறையில்
குழாய் ஒருமுறை கனைத்தது,
காற்றைத் துப்பியது,
தோங்கின் அடியில் தடதடவென்று இறங்கியது.

"இன்னும் ஓடுகிறது! உங்களுக்குக் கேட்கிறதா?"
பதறிவிட்டார்.

"கேட்கிறது, திரு கோவால்ச்சுக்.
பயப்படாதீர்கள்,
அது என் வீட்டுத் தண்ணீர்."

ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு
சுகுமாறனைக் காலால் எழுப்புகிறேன்:
இன்னொரு தோங்கு, சீக்கிரம்.