எட்டே முக்காலுக்கு எங்கே இருந்தீர்கள்

பெட்டியில் வந்த ஆட்டத்தில் ஒரு மாளிகை,
வெளியே பனி, உள்ளே செத்துக் கிடக்கும் பிரபு.
பீடோரில் பனிக்கு நான் எங்கே போக?
பிரபுவைத் துரையாக்கினேன்,
மாளிகையைத் தோட்டத்துப் பங்களாவாக்கினேன்,
ஆறு விருந்தாளியில் ஒருவரை அடித்துவிட்டேன், ஆள் இல்லை.
பனியை மழை என்று திருத்தி வைத்தேன்.
அதுமட்டும் சொல்லிவைத்தாற்போல்
ஆறு மணிக்கே வந்துவிட்டது.

ஆண்டு முப்பத்தெட்டு. ஆயுதம், பால்வெட்டுக் கத்தி.
பிணமாகப் படுக்க யாரும் ஒப்பவில்லை.
சோபாவில் ஒரு தலையணை, அதற்கொரு தொப்பி,
நெஞ்சில் நாலு சொட்டு ரோஸ் சிரப்.

கிராணி, தேவசகாயம்.
துரைசானி, அவன் மனைவி புஷ்பலீலா,
எங்கே பிடித்தாளோ, முழங்கைவரை வலைக் கையுறை.
டிரசராக யோகநாதன், கழுத்தில் மெய்யான ஸ்டெதஸ்கோப்பு.
மண்டோர் மங்களேஸ்வரிக்கு ஒட்டுமீசை.
சமையல்கார ஆ கோவாக சியூ லான்,
எங்கள் எல்லாரையும்விடச் சுத்தமாக
‘ழ’ சொல்கிறவள்.

சட்டத்தை இரண்டு தரம் வாசித்தேன்:
கொலைகாரர் மட்டும் பொய் சொல்லலாம்.
மற்றவர் வாயில் உண்மைதான் வரவேண்டும்.

மீசையை அழுத்திக்கொண்டு மண்டோர் ஆரம்பித்தாள்:
“கிராணியாரே, ராத்திரி எட்டே முக்காலுக்கு
எங்க இருந்தீங்க?”

ஆபீசில், செக்ரோல் எழுதிக்கொண்டு.
அப்படித்தான் அவன் சீட்டில் எழுதியிருந்தேன்.
அவன் சீட்டைப் பார்க்கவில்லை.
“மில்லுல. நைட் ஷிப்ட்.
வியாழக்கிழமைன்னா எப்பவும் நைட் ஷிப்ட்தானே.”

சிரித்தோம்.
முப்பத்தெட்டில் ஏதய்யா செம்பனை மில்லு என்று
யோகநாதன் மேசையைத் தட்டினான்.
பொய்! பிடிபட்டான் கிராணி!

புஷ்பலீலா கையுறையைக் கழற்றினாள்,
ஒவ்வொரு விரலாக.
“மில்லு மூடி ரெண்டு மாசமாம்.
மார்க்கெட்ல மீன்காரர் சொன்னாரு.
அவர்கிட்ட சண்டை போட்டுட்டு வந்தேன்.”

அப்போதுதான் அவன் சீட்டை எடுத்துப் பார்த்தான்,
அதில் பதில் இருப்பதுபோல.
எழுதியவள் நான். இல்லை.

“டோலுக்கு வெளிய, கொய்யாக் கடையில நிக்கறேன்.
பஸ்ஸு வந்து நிக்கும்ல,
வெட்டி, அஸாம்போய் தூள் போட்டுக் குடுக்கணும்.”

“அந்தத் தூளா அது” என்றாள்.
“உன் சட்டையில தெனமும் ஒரு வாசம்.
நான் வேற என்னென்னமோ நெனச்சிட்டேன்.”

இருவரும் போர்ச்சுக்குப் போனார்கள்.
நாங்கள் நால்வர், துப்புத் தேடும் பாவனையில்,
சோபாவுக்கடியில் குனிந்தோம்.
தகரத்தில் மழை. இடையில் ‘கார் லோன்’ கேட்டது,
‘ஏன்’ கேட்டது, பிறகு தகரம் மட்டும்.
மங்களேஸ்வரியின் மீசை பாதி பெயர்ந்து
தேத்தண்ணியில் மிதந்தது. அவள் எடுக்கவில்லை.
உறையை நான் அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன்.
மீ கோரெங்கைச் சுடவைக்கலாமா என்று
யாரையும் பார்க்காமல் கேட்டேன்.

அரை மணி இருக்கும்.
வந்தார்கள். அவளுக்குக் கண் சிவந்திருந்தது,
அவனுக்கு ஒரு தோள் நனைந்திருந்தது.
நாற்காலியை இழுத்து உட்கார்ந்து
கையுறையை மறுபடி மாட்டினாள், வலது கையில் மட்டும்.
“சரி. என் புருஷனக் கொன்னது யாரு?”
எந்தப் புருஷன் என்று யாரும் கேட்கவில்லை.

சியூ லான் முறுக்குத் தட்டை நகர்த்திவைத்தாள்.
“என்னா லா நீங்க எல்லாம்.
வந்ததிலேர்ந்து என்னை ஒருத்தர்கூட கேக்கல.
ஒரு வாரம் மனப்பாடம் பண்ணேன் என் பொய்யை,
கடையில, கல்லாவுல உக்காந்துக்கிட்டு.”

உறை அலமாரி மேலேயே இருந்தது.
“சொல்லு” என்றாள் துரைசானி.

எழுந்து நின்றாள் சியூ லான்,
ஏப்ரனை நேராக்கினாள்,
துரையின் தொப்பிவரை ஏறிவிட்ட எறும்புகளை
ஒருமுறை பார்த்தாள்.
“எட்டே முக்காலுக்கு நான் அடுப்படியில்
கோழி உரிச்சிக்கிட்டு இருந்தேன்.”

“எத்தனை கோழி?” என்று கேட்டான் கிராணி,
பேனாவைத் தேடிக்கொண்டே.