மூன்றாம் பக்கத்து நாய்

புன்தா அரேனாஸில் காற்று முற்றிய நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அன்றும் கட்டியிருந்தது.
கதையைச் சட்டைக்குள் செருகி
இரு கையாலும் கயிற்றைப் பற்றி
வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன்.

டயர் கடைக்கு மேலே ஓர் அறை.
ஆறு நாற்காலி, முனகும் காஸ் கணப்பு,
கை மாறிச் சுற்றும் ஒரே மாத்தேக் குடுவை.
விதியும் ஒன்றே:
எல்லோரும் பேசி முடிக்கும்வரை
எழுதியவர் வாய் திறக்கக் கூடாது.

ஒஸ்வால்தோ "அருமை" என்றார்.
வாடகை ஏறிய அறிவிப்பைப் படித்தபோதும்
அவர் அதைத்தான் சொன்னார்.
இக்கேருக்கு இருபது வயது,
என் உரிச்சொற்களை எண்ணிக்கொண்டு வந்திருந்தான்.
நூற்று நாற்பத்திரண்டாம்.

நெலிதா நண்டு ஆலையில் தரம் பார்ப்பவள்.
ஓட்டை விரலால் சுண்டியே
உள்ளே சதையா தண்ணீரா என்று சொல்லிவிடுவாள்.
கடைசியில் கேட்டாள்:
"மூன்றாம் பக்கத்தில் ஒரு நாய்
கதவைத் தாண்டிப் போகிறது.
பதினொன்றாம் பக்கம் வரை காத்திருந்தேன்.
அது எங்கே?"

அவ்வளவுதான்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

அப்பா எங்களை விட்டுப் போன இரவு அது.
நான்கு வருடமாக எழுதிய பதினொரு பக்கம்.
அம்மா அணைக்காமல் விட்ட விளக்கு இருக்கிறது,
தங்கையின் காய்ச்சல் இருக்கிறது.
இவள் கண்ணில் பட்டது நாயா?
விதியை மதித்தேன்.
குழல் நாக்கைச் சுட்டது.

வாரம் முழுக்கப் படகுத்துறைக் கூண்டில்
டிக்கெட் கிழித்தபடி அவளுக்குப் பதில் சொன்னேன்.
நாய் ஒரு குறியீடு, நெலிதா.
நாய் ஒரு வெறுமை.
நீ நண்டைப் போய்ப் பார்.

செவ்வாய்க்கிழமை
மழை சொட்டும் தொப்பியோடு ஒருவர்
கண்ணாடிக்கு வெளியே குனிந்தார்.
பொர்வெனிருக்கு ஒன்று, இதற்கும் சேர்த்து.
காலடியில் நனைந்த பழுப்பு நாய்.
"போய்வரவா, போக மட்டுமா?"
தினமும் இருநூறு முறை கேட்கும் கேள்வி.
"போக மட்டும்" என்றார்.

மீதிச் சில்லறை என் கையிலேயே இருந்தது.
பின்னால் நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள்.

அப்பா நாயைக் கூட்டிக்கொண்டு போனார்.

விளக்கை எழுதினேன், காய்ச்சலை எழுதினேன்.
இதை மட்டும் எழுதவில்லை.
எங்களில் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார்,
அது நாய்.

அடுத்த வியாழன் நான் நன்றி சொல்லவில்லை.
எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
பதிலுக்கு ஏதாவது தரலாமென்று,
போன வருடம் அவள் கவிதையில்
நான் சிவப்பால் அடித்த ஒரு வரியைச் சொன்னேன்:
அண்ணனின் பூட்ஸில் இன்னும் அவன் நடை இருக்கிறது.
"அன்றைக்கு அடித்தது தப்பு.
இன்னும் ஞாபகத்தில் நிற்கிறது.
திரும்பச் சேர்த்துவிடு."

நெலிதா குடுவையை நிரப்பினாள்.
"நீ அடித்ததால் எடுக்கவில்லை.
பூட்ஸ் கிடைக்கவே இல்லை.
பூட்ஸோடுதான் கடலில் போனான்.
அழகாக இருக்கட்டுமென்று எழுதினேன்.
நீ ஓரத்தில் என்ன எழுதினாய் தெரியுமா?
இங்கே சந்தம் இடிக்கிறது."

இக்கேர் சிரித்துவிட்டு
சிரித்திருக்கக் கூடாதோ என்று எங்களைப் பார்த்தான்.
"அருமை" என்றார் ஒஸ்வால்தோ,
எதைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது நாய் நான்காம் பக்கத்திலும் இருக்கிறது.
கயிறு இல்லாமலே அவர் பின்னால் நடக்கிறது.
படகில் ஏறுகிறது.
ஏறும்முன் ஒருமுறை
எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது.

பார்த்ததா?
எனக்கு அப்போது வயது ஏழு,
நான் துறைக்கே போகவில்லை.

காற்று இன்று இன்னும் மோசம்.
சட்டைக்குள் பன்னிரண்டு பக்கம்.
டயர் கடைக்குள் நுழையும்முன்
அந்த வரியை நானே அடித்துவிடலாம்,
ஒரு கையையாவது
கயிற்றிலிருந்து எடுக்க முடிந்தால்.