ஐம்பது எழுத்துகளுக்குள்

விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில்
பொழுதுபோக்குகள் என்று ஒரு பெட்டி.
ஐம்பது எழுத்துக்கு மேல் ஏற்காது.
ரப்பர் செதுக்குதல் என்று எழுதினேன்.
அழித்தேன்.
வாசிப்பு, நீச்சல் என்று எழுதினேன்.
நீச்சல் எனக்குத் தெரியாது.

யீஷூன். இரவு ஒன்றரை.
பதினொன்றாம் மாடிச் சமையலறை மேசையில்
ஒரு பக்கம் கால்வாய் நீர்மட்டக் கணக்கு,
மறுபக்கம் எண்பது காசு ரப்பர் மூன்று.
இறுதியாண்டு அறிக்கைக்கு இன்னும் ஒன்பது நாள்.
அதனால்தான் இன்றிரவே
இந்த மைனாவின் காலை
முடித்தாக வேண்டும் போலிருக்கிறது.

இரண்டாமாண்டு பாய்ம இயக்கவியல் வகுப்பில்
தூக்கத்தை விரட்டத் தொடங்கியது இது.
முதலில் வந்தது ஒரு கரப்பான்பூச்சி.
ஹுயி மின் அதைத் தன் குறிப்பேட்டில்
பக்கத்துக்கு ஒன்றாக ஓடவிட்டாள்.
இப்போது பிஸ்கட் டின்னில் நூற்றுப் பன்னிரண்டு:
எங்கள் புளோக் எண்,
ஏழாம் மாடியில் மட்டும் நிற்காத லிஃப்ட்டின் பொத்தான்,
காப்பி-ஓ கட்டிய பிளாஸ்டிக் பை, அதன் சிவப்புக் கயிறு,
நூலகத்தில் இருக்கை பிடிக்க யாரோ வைத்துப்போன
டிஷ்யூ பொட்டலம்,
எவ்வளவு முயன்றும் பூனையைப் போலவே வரும்
ஓர் உடும்பு.

ரப்பரில் எல்லாவற்றையும்
இடவலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும்.
எழினி என்ற பெயர்
ஆறாவது ரப்பரில்தான் நேராக விழுந்தது.
அதுவரை நான் காகிதத்தில்
யாருக்கோ முதுகு காட்டிக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய் நேர்காணல். இருபத்தாறாம் மாடி.
கண்ணாடிக்கு வெளியே கப்பல்கள்,
நான் இருந்த நாற்பது நிமிடத்தில்
ஒன்றும் நகரவில்லை.
ஐந்தாண்டு கழித்து
உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்றார் அந்தப் பெண்.
மனப்பாடம் செய்ததைச் சொன்னேன்,
நடுவில் ஒரு வரி விட்டுப்போயிற்று.
எந்த மழைக்கு எந்த வாய்க்கால் எவ்வளவு ஏறும்
என்று கேட்டிருக்கலாம்.
திரும்பும் ரயிலில்தான் கவனித்தேன்,
கட்டைவிரல் முழுக்க நீல மை.
கைகுலுக்கினோமா? நினைவில்லை.

ஃபர்ஹானுக்கு பிப்ரவரியிலேயே வேலை.
ஹுயி மின் ஈப்போவுக்குத் திரும்புகிறாள்,
கரப்பானை எடுத்துக்கொண்டு.
படிப்புக்கடனின் வட்டி
நான் பட்டம் வாங்கியதும் கண்விழிக்கும் என்று
வங்கி அன்போடு நினைவூட்டுகிறது.
அம்மா யாரிடமோ தொலைபேசியில் சொல்கிறாள்:
அவளுக்கென்ன, இஞ்சினியர்.

நாலு பத்துக்கு அப்பா எழுந்தார்.
முதல் பேருந்து அவருடையது.
சீருடைப் பொத்தானைப் போட்டபடி
மேசையைக் குனிந்து பார்த்தார்.
“ஏம்மா, ஒத்தக் கால்?”
“இன்னொண்ணத் தூக்கி வச்சிருக்குப்பா.”
உண்மையில் அது கத்தி வழுக்கியதில் போனது.
“டெப்போல ஒண்ணு அப்படித்தான் நிக்கும்,”
என்றார். “டயருக்குப் பக்கத்துலயே.
ஹார்ன் அடிச்சாலும் போகாது.”
தண்ணீர் குடித்தார், காலணி தேடினார்.
இரும்புக் கதவு மெல்ல மூடிக்கொண்டது.

திரையில்:
நேரம் கடந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும்.
நுழைந்தேன்.
பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் பத்திரம்.
கடைசிப் பெட்டி மட்டும் காலி.

பழைய மின்கட்டண உறையின் பின்புறம்
மைனாவை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.
வெட்டும்போது இடப்பக்கம் பார்த்தது
இப்போது சன்னலைப் பார்க்கிறது.
அலகு கொஞ்சம் தடிமன்.

ரப்பர் செதுக்குதல் என்று தட்டினேன்.
அதற்குப் பிறகும் நிறைய இடம் இருந்தது.
ஒரு காற்புள்ளி போட்டுவிட்டு
கால்வாய்க் கணக்குக்குப் போனேன்.
மூன்றாம் பத்தியில் ஒரு தசமப் புள்ளி
இடம் மாறிக் கிடந்தது.