சுமை இல்லாமல் இயக்காதே

கையேட்டின் நான்காம் பக்கத்தில்
சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கிறது அந்த வரி.
லோர்ன் கையேடு வாசிப்பதில்லை.
பெட்டியின் பக்கவாட்டைத்தான் வாசிக்கிறான்:
முப்பத்தெட்டு கிலோ. இருவர் தூக்கவும்.

சுவிஃப்ட் கரண்டுக்கு வடக்கே,
குன்று என்று இவர்கள் சொல்லும் ஒரு மேட்டில்
கோபுரத்தின் காலடியில் தகரக் குடில்.
(விரைந்தோட்டம் என்று ஊரின் பெயர் சொல்வது
ஆற்றை. அதுவும் உறைந்து கிடக்கிறது.)
வெளியே மைனஸ் இருபத்தேழு.
உள்ளே, கொஞ்சம் கருணையோடு, மைனஸ் பதினெட்டு.
பழைய ஆம்ப்ளிஃபயர் செத்து மூன்று நாள்.
அது விட்ட வெக்கையில்தான்
குடில் பிழைத்துவந்தது என்பது
இன்று வந்து கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

ரேக்கின் சதுர ஓட்டைகளில் நட்டு மாட்ட
கையுறையைக் கழற்ற வேண்டும்.
கழற்றினால் விரல் இரும்போடு உறவு கொண்டாடும்.
பன்னிரண்டில் ஒன்று தெறித்து
அடியில் உருண்டு போனது.
கிடக்கட்டும்.
எல்லா ரேக்குக்கு அடியிலும் ஒன்று கிடக்கும்.

ஒன்று, இரண்டு, அவன் ஆங்கிலத்தில் எண்ண
பாரத்தில் மூன்றை நான் தமிழில் சொல்லிவிட்டேன்.
சறுக்குச் சட்டத்துக்கு இரண்டும் புரிந்தது.
டிக்.

முதலில் பூமிக்கம்பி.
பிறகு வெளியீட்டுக் கேபிள்: கையால் திருகி,
மீதியைச் சாவியால், அது போதும் என்று சொடுக்கும்வரை.
உள்ளீடு பூஜ்யத்தில்.
பின்பக்கம் காற்று போக ஒரு சாண்.
மின்சாரம் எல்லாவற்றுக்கும் கடைசியில்,
வீட்டுக்கு வரும் மாப்பிள்ளை மாதிரி
எல்லாம் தயாரான பிறகு.

ஆன்டெனாவை இன்னும் நம்பவில்லை நாங்கள்.
சோதனைக்குப் போலிச் சுமை ஒன்று வைத்திருக்கிறோம்,
விலா எலும்புகள் துருத்திய கறுப்புப் பெட்டி.
பேர்தான் போலி.
எண்ணூறு வாட்டையும் வாங்கி விழுங்கிவிட்டு
ஊருக்கு ஒரு சொல் சொல்லாமல்
சும்மா சூடாகும்.

அதன்மேல் வைத்தேன் என் எலுமிச்சை சாதத்தை.
செங்கல்லாக இருந்தது.
பத்து நிமிடத்தில் கடுகு மணந்தது.
லோர்ன் தன் ஈரக் காலுறைகளையும் விரிக்க
டப்பாவை இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.
ஒரு வானொலி நிலையத்தின் முழுச் சக்தியும்
அன்று மதியம்
ஒரு சாப்பாட்டுக்கும் ஒரு ஜோடி காலுறைக்கும் போனது.

இரண்டு மணிக்கு ஆன்டெனாவுக்கு மாற்றினோம்.
போவது எண்ணூறு.
திரும்பி வருவது தொண்ணூறு.

மேலே ஏற்றுக்கொள்ளாதது
போன வழியே இறங்கி வரும்.
வந்து நிற்கும் வாசலில் இருப்பவை
பெட்டியிலிருந்து இன்றுதான் வெளியே வந்த ட்ரான்சிஸ்டர்கள்.
மஞ்சள் விளக்கு. ஆம்ப்ளிஃபயர் தானாகவே
குரலைத் தாழ்த்திக்கொண்டது.
கனெக்டரைக் கழற்றி மாட்டினேன்.
கழற்றி, துடைத்து, மாட்டினேன்.
தொண்ணூறு.
என் வேலையில் எங்கே பிழை என்று
மூன்றாம் முறை கேபிளைத் தடவிக்கொண்டிருந்தபோது
வெளியே போயிருந்த லோர்ன் வெள்ளைப் புருவத்தோடு வந்து
தன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினான்.
அவ்வளவு கனத்துக்கு மேலே பனிக்கட்டி.
முந்தாநாள் பெய்த உறைமழை.

ஏற முடியாது. ஏறக் கூடாது.
உட்கார்ந்திருந்தோம்.
அவன் பெண்ணின் ஹாக்கியைப் பற்றிச் சொன்னான்,
நான் கேட்டேனா என்று நினைவில்லை.
மூன்றேகாலுக்கு மேற்கிலிருந்து காற்று எழுந்தது.
கோபுரம் முனகியது, பிறகு
கூரைமேல் யாரோ அம்மிக்கல்லைப் போட்டார்கள்.
ஒன்று. இன்னொன்று.
தொண்ணூறு நாற்பதானது.
மூன்றாவது விழ
நான்கு.

பூட்டிவிட்டு டிரக்கில் ஏறினோம்.
மூன்று நாளாக அந்த அலைவரிசையில்
மணல் கொட்டுவது போல் இரைச்சல்.
இப்போது ஒன்றுமில்லை.
சுத்தமான, அகலமான ஒன்றுமில்லை,
அறுபது கிலோமீட்டர் சுற்றளவுக்கு
நாங்கள் அனுப்பிக்கொண்டிருந்தது.
ஸ்டூடியோவில் இன்னும் யாரும் மைக்கைத் திறக்கவில்லை.

லோர்ன் கை நீட்டி
ஒலியைக் கூட்டினான்.