சான்றுப் பொருள் இரண்டு

தேவகோட்டை நீதிமன்றத்தில்
பெயர்களைக் கூப்பிடுவது என் வேலை.
ஒவ்வொன்றும் மூன்று தரம்,
வராண்டா தாண்டி டீக்கடை வரை கேட்க வேண்டும்.

பள்ளத்தூர் அடைக்கலம் மகன் வெள்ளைக்கண்ணு.
பதினோரு வருடம் கூப்பிட்டேன்.
முதல் வருடம் ஆள் வந்தான், விலங்கோடு.
பிறகு கீழ்ப்பாக்கத்திலிருந்து தாள் மட்டும் வந்தது:
வழக்கைப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லை.
வாய்தா.
அதே வரி, வேறு டாக்டரின் கையெழுத்து.
வாய்தா.

செய்தது இவ்வளவுதான்.
பூட்டிக் கிடந்த லெ.சா. வீட்டில்
பின்கட்டு ஓட்டைப் பிரித்து இறங்கினான், நடுச்சாமத்தில்,
கையில் பித்தளைச் செம்பு.
"உள்ளே யாரோ இருமுறாங்க, தண்ணி குடுக்கப் போனேன்."
முப்பது வருடமாய் ஆளில்லாத வீடு.
செம்பு திருட்டுப் பொருள் என்று எழுதிக்கொண்டார்கள்.
அதன் அடியில் சிகப்பாயி என்று
அவன் அம்மா பெயர், புள்ளி புள்ளியாய் வெட்டியது.
யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.
சொல்வது என் வேலை இல்லை.

ஒத்துக்கொண்டிருந்தால் ஆறு மாதம்தான் என்பார்
வக்கீல் ஆவுடையப்பன், வெற்றிலை மடித்தபடி.
ஒத்துக்கொள்ளவும் புத்தி தெளிந்திருக்க வேண்டுமாம்.
ஜாமீனுக்கு இரண்டு பேர், வீட்டு வரி ரசீதோடு.
ஒரு தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடியும் வீடுகள் உள்ள சீமையில்
அவனுக்கென்று ஒரு ரசீது இல்லை.

இந்தப் பங்குனியில் தாள் மாறி வந்தது: தகுதி உண்டு.
கூடவே அவனும்.
மாத்திரையில் ஊதிய முகம், நிற்காத கைநடுக்கம்.
புகார்தாரரைக் கூப்பிட்டேன், மூன்று தரம்.
செத்து ஐந்து வருடம் ஆகிறதாம்.
வீட்டையும் பங்காளிகள் பிரித்து விற்றாயிற்று.
காரைக்குடிக் கடையொன்றில் அதன் தேக்குத் தூண்கள்
விலைச்சீட்டோடு சாய்ந்திருக்கின்றன.

மேசைமேல் செம்பு, கவிழ்த்து, சீட்டுக் கட்டி.

"இப்பவும் அந்தச் சத்தம் கேக்குதாப்பா?"
நீதிபதி அம்மா மெதுவாகத்தான் கேட்டார்.
"இல்லைங்கம்மா. மாத்திரை போட்டதிலேர்ந்து நின்னுபோச்சு."
டைப் அடிக்கும் சத்தம் ஓயும்வரை பேசாமல் நின்றான்.
பிறகு கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு,
"அப்ப அவரு
தண்ணி கிடைக்காமயே போய்ட்டாராம்மா?"

இதையும் அடிப்பதா என்று
டைப்பிஸ்ட் நிமிர்ந்து பார்த்தாள்.
எனக்குத் தொண்டையில் ஓர் இருமல்.
விழுங்கிக்கொண்டேன்.
அடுத்தது கண்டனூர், செக் மோசடி.